வயது முதிர்ந்த சிறைவாசிக்கு விடுப்பும் முன்விடுதலையும் கேட்டு மனுச் செய்வது எப்படி

மத்திய சிறைகளின் வாசலில் ‘மனு பார்க்க’, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, காத்திருக்கும் குடும்பத்தினர் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அப்பாவுக்கு எழுபது வயதாகிவிட்டது, நடக்கவே முடியவில்லை, பரோலில் விட மாட்டார்களா?” கேள்வி ஒன்றுதான் என்றாலும், சட்டத்தின் பார்வையில் அதற்குள் மூன்று வெவ்வேறு கோரிக்கைகள் அடங்கியிருக்கின்றன: நீதிமன்றத்தில் கேட்கும் ஜாமீன் அல்லது தண்டனை நிறுத்திவைப்பு, விடுப்பு, முன்விடுதலை. இன்னதைக் கேட்கிறோம் என்ற தெளிவில்லாமல் எழுதப்படும் மனு, மேசைக்கு மேசை நகர்ந்து, மாதங்கள் கழித்து “விதிகளில் இடமில்லை” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகிறது. இளைஞர் ஒருவர் அந்த மாதங்களைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். எழுபதைக் கடந்தவருக்கு அவை திரும்பக் கிடைக்காத காலம். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டுச் சிறைகளில் இருக்கும் முதியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விடுப்பு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்றாலும், இங்கே குறிப்பிடப்படும் மத்தியச் சட்டங்களும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் இந்தியா முழுமைக்கும் பொருந்தும்.

எதைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வழக்கு இன்னும் விசாரணையில் இருந்தால், பரோல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்க வேண்டியது ஜாமீன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு, கடுமையான குற்றச்சாட்டுகளிலும்கூட நோயுற்றவர், உடல் தளர்ந்தவர் ஆகியோரை ஜாமீனில் விட நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தருகிறது. தண்டனை விதிக்கப்பட்டு மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அதே சட்டத்தின் 430ஆம் பிரிவின்கீழ் தண்டனையை நிறுத்திவைக்குமாறு மேல்முறையீட்டு நீதிமன்றத்தையே கேட்க வேண்டும். இந்த இரண்டும் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்தில் நடப்பவை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

நாம் பொதுவாகப் பரோல் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் ‘விடுப்பு’ என்று பெயர். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் அதை அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. தாய், தந்தை, கணவன், மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் ஆகியோரின் மரணம், கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்காக ஓர் ஆண்டில் 15 நாட்கள் வரை வழங்கப்படுவது அவசர விடுப்பு. சாதாரண விடுப்புக்கு மூன்றாண்டு சிறைவாசம் முடிந்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு 21 முதல் 30 நாட்கள் வரை கிடைக்கும். குடும்பத்தின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்தல், வீட்டைப் பழுதுபார்த்தல், பிள்ளைகளின் திருமணம், சொத்துப் பிரச்சினையைத் தீர்த்தல் போன்ற காரணங்கள் விதியிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. மனுவில் இந்தக் காரணங்களுள் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். “வயதாகிவிட்டது, பார்க்க ஆசையாக இருக்கிறது” என்பது உண்மையாக இருந்தாலும், அனுமதி வழங்கும் அதிகாரி அதை எந்த விதிக்குள் பொருத்துவார்? காரணம் எதற்குள்ளும் அடங்கவில்லை என்றால், விதிகளிலிருந்து விலக்களிக்க அரசுக்கு 40ஆவது விதி அதிகாரம் தருவதைச் சுட்டிக்காட்டி, உள்துறைச் செயலாளருக்கு மனு எழுதலாம். நீண்ட சிகிச்சை தேவைப்படும் முதியவர்களுக்கு இந்த வழிதான் பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாவது, முன்விடுதலை. தண்டனையின் மீதிக் காலத்தைக் குறைத்து நிரந்தரமாக வெளியே அனுப்புவது இது. அரசு இதை இரண்டு வழிகளில் செய்ய முடியும் என்பதைப் புரிந்துகொள்வது மிக முக்கியம். முதல் வழி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432, 433 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் இவை புதிய சட்டத்தின் 473, 474 பிரிவுகளாக இருக்கின்றன. இந்த வழியில் போனால், மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகளைச் சிறைக்குள் கழித்திருக்க வேண்டும் என்ற தடை குறுக்கே நிற்கும். இரண்டாவது வழி, அரசியலமைப்பின் 161ஆவது கூறு ஆளுநருக்குத் தரும் அதிகாரம். அமைச்சரவையின் அறிவுரைப்படி அது செயல்படுத்தப்படுகிறது. அந்த 14 ஆண்டுத் தடை 161ஆவது கூறைக் கட்டுப்படுத்தாது என்று 1980ஆம் ஆண்டு மாரு ராம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

தமிழ்நாட்டில் முதியவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்புகள் இந்த இரண்டாவது வழியில் வந்தவைதான். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008ஆம் ஆண்டிலும், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018ஆம் ஆண்டிலும் வெளியான அரசாணைகள், 60 வயதைக் கடந்த ஆயுள் சிறைவாசிகளுக்கு ஐந்தாண்டுச் சிறைவாசம் முடிந்திருந்தால் போதும் என்று தனிச் சலுகை காட்டின. மற்றவர்களுக்கு அது முறையே ஏழாண்டாகவும் பத்தாண்டாகவும் இருந்தது. சில வகைக் குற்றங்கள் அவற்றில் விலக்கப்பட்டிருந்தன. குறிப்பிட்ட கால அளவுத் தண்டனை பெற்றவர்களுக்காக மத்திய அரசு, நாட்டு விடுதலையின் 75ஆம் ஆண்டையொட்டி 2022 ஆகஸ்ட் முதல் மூன்று கட்டங்களாக ஒரு சிறப்புத் தண்டனைக் குறைப்பை அறிவித்தபோது, 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் தண்டனையில் பாதியை முடித்திருந்தால் தகுதி பெற்றார்கள். இத்தகைய அறிவிப்புகள் முன்னறிவிப்பின்றி வருகின்றன. அப்போது காகிதங்களைத் தேடத் தொடங்குகிறவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே தொகுத்து வைத்திருப்பவர்களின் கோப்பு முதலில் நகர்கிறது.

வயதுக்கான சான்று

முதியவரின் மனுவில் அடிப்படை வயதுதான். ஆனால் மிக அதிகமான குழப்பம் நேருவதும் வயதில்தான். கைதான நாளில் காவலர் ஒருவர் முகத்தைப் பார்த்து உத்தேசமாகக் கேட்டு எழுதிய “வயது 48” என்பது குற்றப்பத்திரிகைக்கும், அங்கிருந்து தீர்ப்புக்கும், அங்கிருந்து சிறைப் பதிவேட்டுக்கும் அப்படியே போய்ச் சேர்கிறது. வாக்காளர் அட்டையில் அவர் 1955இல் பிறந்தவர். சிறைக் கணக்கில் 1961இல் பிறந்தவர். ஆறாண்டு வேறுபாடு ஒருவரை அரசாணைக்குள்ளும் வைக்கும், வெளியிலும் தள்ளும்.

ஆகவே சிறைப் பதிவேட்டில் என்ன வயது இருக்கிறது என்பதை முதலில் கேட்டு அறியுங்கள். அது தவறாக இருந்தால், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல் நகல், ஓய்வூதிய அல்லது வேலைப் பதிவேடு ஆகியவற்றில் கிடைப்பதை இணைத்து, பதிவைத் திருத்துமாறு சிறைக் கண்காணிப்பாளருக்குத் தனி மனு கொடுங்கள். இதை விடுதலை மனுவோடு கலக்க வேண்டாம். ஆதாரை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். பிறந்த தேதிக்கு அது சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. பள்ளிக்கே போகாதவர் என்றால், மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோ பள்ளிச் சான்றிதழோ உதவும். மகனுக்கு 52 வயது என்று ஆவணம் சொல்லும்போது, தந்தைக்கு 62 வயது என்று பதிவேடு சொல்வது பொருந்தாது என்பதை எந்த அதிகாரியும் ஏற்றுக்கொள்வார்.

நாட்களின் கணக்கு

எத்தனை ஆண்டு சிறையில் இருந்தார் என்று குடும்பத்தினர் சொல்லும் கணக்கும் சிறைத்துறையின் கணக்கும் அரிதாகவே ஒத்துப்போகின்றன. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்பட வேண்டியவை. ஆயுள் தண்டனை பெற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்று 1985ஆம் ஆண்டின் பகீரத் தீர்ப்பு சொல்கிறது. மறுபுறம், ஜாமீனில் வெளியே இருந்த காலமும் விடுப்பில் வீட்டில் இருந்த நாட்களும் உண்மையான சிறைவாசத்தில் சேராது. பரோல் நாட்களை விலக்கித்தான் 14 ஆண்டைக் கணக்கிட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பத்தாண்டுகளில் ஆறு முறை முப்பது நாள் விடுப்பில் வந்தவருக்கு, தகுதித் தேதி ஏறத்தாழ ஆறு மாதம் தள்ளிப்போகும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக விடுப்பே எடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பிய ஒவ்வொரு விடுப்பும் முன்விடுதலைக் கோப்பில் நல்ல சாட்சி.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கும் ஆவணம் ‘நாமினல் ரோல்’ எனப்படும் சிறைவாசி விவரப் பட்டியல். தண்டனை விவரம், உள்ளே இருந்த நாட்கள், கிடைத்த தண்டனைக் குறைப்பு, எடுத்த விடுப்புகள், சிறைக்குள் பெற்ற தண்டனைகள் எல்லாம் அதில் இருக்கும். சிறை நிர்வாகத்திடம் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சிறைவாசியின் பெயரிலேயே பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். அந்தச் சட்டத்தில் பொதுவான கெடு 30 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவலுக்கு 48 மணி நேரம்.

சிறைத் தண்டனைகள் என்ற பகுதியை முதியவர்கள் விஷயத்தில் சற்றுக் கவனமாகப் படியுங்கள். பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை, வரிசையில் நிற்கவில்லை, உத்தரவை மதிக்கவில்லை என்று பதிவாகியிருக்கும் குற்றங்களுக்குப் பின்னால், பல நேரங்களில் காது கேளாமையோ மறதி நோயோ இருக்கிறது. மனு பார்க்கும் அறையில் கம்பி வலைக்கு அப்பால், மகள் கத்திச் சொல்வதைக் கேட்க முடியாமல் உதட்டையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். அவர் பதிவேட்டில் ‘கீழ்ப்படியாமை’ என்று இரண்டு பதிவுகள் இருந்தன. காது பரிசோதனை அறிக்கை ஒன்று இணைக்கப்பட்டால் அந்தப் பதிவுகளின் பொருளே மாறிவிடும்.

மருத்துவச் சான்று

“சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய்” என்று நோய்களின் பெயரை மட்டும் அடுக்குவது போதாது. அந்த நோய் சிறைக்குள் அவர் அன்றாடம் வாழ்வதை எப்படிப் பாதிக்கிறது என்பதை மருத்துவர் எழுத வேண்டும்: தானாகக் குளிக்க முடிகிறதா, இரவில் கழிவறைக்குப் போக ஆள் துணை வேண்டுமா, மாத்திரைகளைத் தானே அடையாளம் கண்டு போட்டுக்கொள்கிறாரா, பேரப்பிள்ளையை அடையாளம் தெரிகிறதா. சிறை மருத்துவரின் குறிப்போடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் அறிக்கையும் இருப்பது நல்லது. தேவையென்றால் மருத்துவக் குழுவின் முன் நிறுத்துமாறு எழுத்து மூலம் கேளுங்கள். பார்வையோ நடையோ பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தால், மாற்றுத்திறனாளிச் சான்றிதழையும் விழுக்காட்டோடு பெற்று வையுங்கள். 2022ஆம் ஆண்டுச் சிறப்புத் தண்டனைக் குறைப்பில் 70 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்புள்ளவர்களுக்குத் தனி இடம் இருந்தது. குடும்பத்தினரின் கையில் இருக்கும் பழைய மருத்துவக் கோப்பையும் விட்டுவிட வேண்டாம்; கைதாவதற்கு முன்பே இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது என்பதற்கு ஆதாரம் வீட்டு அலமாரியில்தான் இருக்கும்.

ஏற்றுக்கொள்ள ஒரு வீடு

மனுக்கள் அதிகமாகத் தோற்பது இந்த இடத்தில் என்பது என் அனுபவம். கோப்பு நகரத் தொடங்கியதும் நன்னடத்தை அலுவலரும் உள்ளூர்க் காவல் நிலையமும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். நான் எழுதிக் கொடுத்த ஒரு மனுவில், வயதும் நாட்களும் நோயும் சரியாக இருந்தன. அலுவலர் போன அன்று மருமகள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். பூட்டிய கதவைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, “பராமரிக்க ஆள் இல்லை” என்று அறிக்கை போய்விட்டது. அதை மாற்ற எட்டு மாதம் ஆயிற்று. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. விசாரணைக்கு வருவார்கள் என்று நான் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே மனுவோடு, அவரை ஏற்றுக்கொள்பவரின் உறுதிமொழியை இணையுங்கள். யார் வீட்டில் தங்குவார், எந்த அறையில் படுப்பார், பகலில் யார் உடன் இருப்பார், மருத்துவமனை எத்தனை தொலைவு, செலவுக்கு வருமானம் என்ன, எந்தத் தொலைபேசி எண்ணில் அழைத்தால் யார் எடுப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குற்றம் நடந்த அதே ஊருக்குத் திரும்புவதால் பாதிக்கப்பட்ட குடும்பம் அஞ்சுமானால், அந்த அச்சத்தை மதியுங்கள். வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டையோ உடன்பிறந்தவர் வீட்டையோ முகவரியாகக் கொடுங்கள். “சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்படும்” என்ற காவல்துறை வரிக்கு இதைவிட வலுவான பதில் இல்லை. உறவே இல்லாதவர் என்றால், ஒரு முதியோர் இல்லத்தின் ஏற்புக் கடிதம் அந்த இடத்தை நிரப்பும்.

மனுவை எழுதுதலும் கொடுத்தலும்

இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே பெயர், சிறைவாசி எண், சிறையின் பெயர், வழக்கு எண், தண்டனை விதித்த நீதிமன்றம், தீர்ப்புத் தேதி. அடுத்து எந்த விதி, பிரிவு அல்லது அரசாணையின்கீழ் கேட்கிறோம் என்பது. அதன்பின் வயது, நாட்கள், உடல்நிலை, தங்குமிடம் ஆகியவை, ஒவ்வொன்றுக்கும் இணைப்பு எண்ணோடு. முன்விடுதலை மனு என்றால், 2000ஆம் ஆண்டு லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட ஐந்து அளவுகோல்களுக்கும் பதில் சொல்லுங்கள். குற்றம் சமூகத்தைப் பெரிதாகப் பாதிக்காத தனிப்பட்ட செயலா, மீண்டும் நிகழ வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் ஆற்றலையே அவர் இழந்துவிட்டாரா, இனியும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா, குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை என்ன என்பவையே அவை. கைத்தடியின்றி எழுந்து நிற்க முடியாத ஒருவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் தாமாகவே பேசும். அதை மருத்துவச் சான்றின் சொற்களிலேயே எழுதுங்கள். வழக்கின் குற்றம் குறைகளை மீண்டும் வாதாடுவதற்கான இடம் இதுவன்று. செய்ததற்கு வருந்துகிறார் என்றால், அதை அவர் சொல்லும் சொற்களில், அவருடைய கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

சிறைவாசி தாமே கொடுக்கும் தண்டனைக் குறைப்பு மனு சிறை அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும்; குடும்பத்தினர் கொடுத்தால், அவர் சிறையில் இருக்கிறார் என்ற உறுதிக்கூற்று மனுவிலேயே இருக்க வேண்டும். 473ஆம் பிரிவு இந்த இரண்டையும் கட்டாயமாக்குகிறது. பலர் இந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மத்திய அரசு முகமைகள் புலனாய்வு செய்த வழக்கு என்றால், மாநில அரசு மத்திய அரசைக் கேட்காமல் இந்தப் பிரிவுகளின்கீழ் முடிவெடுக்க முடியாது என்பதால், காலம் கூடுதலாகும்.

இதற்கெல்லாம் பணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். “விடுதலை வாங்கித் தருகிறேன்” என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களை அருகில் சேர்க்க வேண்டாம்.

பதில் வராதபோதும் மறுக்கப்படும்போதும்

முன்விடுதலைக் கொள்கை நடைமுறையில் இருக்கும் மாநிலத்தில், தகுதி பெற்ற ஒவ்வொருவரையும் அவர் மனுக் கொடுக்காவிட்டாலும் அரசு தானாகவே பரிசீலிக்க வேண்டும் என்றும், மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து சிறைவாசிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 18 அன்று உத்தரவிட்டது. எனவே மறுப்பு ஆணையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். காரணமே இல்லாத ஆணையையும், பழைய காவல்துறை அறிக்கையை வார்த்தை மாறாமல் திருப்பி எழுதிய ஆணையையும் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது கூறின்கீழ் ரிட் மனுவாக எதிர்க்கலாம். பெரும்பாலும் நீதிமன்றம் தானே விடுதலை செய்யாது. குறிப்பிட்ட வாரங்களுக்குள் மறுபடியும் பரிசீலிக்குமாறு அரசுக்கு உத்தரவிடும். தண்டனை விதிக்கப்பட்ட நாளில் நடைமுறையில் இருந்த கொள்கை, இப்போதைய கொள்கையைவிடச் சாதகமாக இருந்தால், அதையும் கோரலாம். 2010ஆம் ஆண்டின் ஜகதீஷ் தீர்ப்பு அதற்குத் துணை நிற்கிறது. காத்திருக்கும் காலத்தில் உடல்நிலை மோசமானால், புதிய மருத்துவ அறிக்கையைக் கூடுதல் இணைப்பாக உடனே அனுப்புங்கள். ஆறு மாதம் பழைய அறிக்கையைப் பார்த்து ஒருவரின் இன்றைய நிலையை யாரும் முடிவு செய்ய முடியாது.

வெளியே வரும் நாளில்

விடுப்பில் வருகிறவர் என்றால், ஆணையில் சொன்ன காவல் நிலையத்தில் சொன்ன நேரத்தில் கையெழுத்திட வேண்டும். நடக்க முடியாதவரை அழைத்துச் செல்ல வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். விடுப்புக் காலத்தில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், கடைசி நாள் வரும் முன்பே அனுமதிச் சீட்டோடு நீட்டிப்புக் கேளுங்கள். ஒரு நாள் தாமதமும் அடுத்த விடுப்பையும் முன்விடுதலையையும் கெடுத்துவிடும்.

முன்விடுதலை என்றால், வாசலிலேயே கேட்டுப் பெற வேண்டியவை விடுதலைச் சான்று, நிபந்தனைகளின் நகல், மருத்துவக் குறிப்பேடு, அன்றாட மாத்திரைகள் குறைந்தது ஒரு வாரத்துக்கு. பல ஆண்டுகள் உள்ளே இருந்தவரின் பெயர் ரேஷன் அட்டையில் நீக்கப்பட்டிருக்கும். அதைச் சேர்த்த பிறகுதான் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிப்பது எளிதாகும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடம் முதல் வாரத்திலேயே பெயரைப் பதிவு செய்யுங்கள். விளக்கை அணைக்காத கொட்டடியில் பல ஆண்டுகள் உறங்கியவர் முதல் சில இரவுகள் இருட்டில் திசை தெரியாமல் எழுந்து நடப்பார்; கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய விளக்கை எரியவிட்டு, யாராவது ஒருவர் அவருடைய கட்டிலுக்கு அருகிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.